முதல் போன்சாய்: முதலில் இனத்தை அறியுங்கள்

போன்சாய் மரம் முதன்முதலாகக் கைக்கு வந்தவுடன், கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்பாக, அது எந்த இனம் என்பதை அறிந்துகொள்ளுங்கள். ஏனெனில் போன்சாய் என்பது மரத்தின் வகையன்று, மரத்தைத் தொட்டியில் சிறிய உருவில் வளர்க்கும் முறையே ஆகும். பளபளப்பான தடித்த இலையைக் கிள்ளும்போது வெண்ணிறப் பால் கசிந்தால், அது பெரும்பாலும் ஆல், அத்தி இனத்தைச் சேர்ந்த ஃபைகஸாக இருக்கும். வெளிச்சம் மிகுந்த சன்னலோரத்தில் வீட்டுக்குள்ளும் அது வாழும். (அந்தப் பால் தோலில் எரிச்சல் தரலாம், கையைக் கழுவிவிடுங்கள்.) ஊசி போலவோ செதில் போலவோ இலைகளைக் கொண்ட ஜூனிபருக்குத் திறந்தவெளி கட்டாயம் தேவை. அதை அறைக்குள் வைத்து இழந்தவர்கள் பலர். வேர் மடிந்த பின்னும் இலைகள் சில வாரங்கள் பச்சையாகவே நிற்பதால், கேடு கண்ணில் படும்போது காலம் கடந்திருக்கும்.

நாள் கணக்கு வைத்து நீரூற்றாதீர்கள். மண்ணில் விரலை 1 செ.மீ. ஆழம் நுழைத்துப் பார்த்து, ஈரம் குறையத் தொடங்கியிருந்தால், தொட்டியின் அடித்துளைகள் வழியே வடியும்வரை ஊற்றுங்கள். மேல்மண்ணில் கூழாங்கற்கள் பசையால் ஒட்டப்பட்டிருந்தால், அவை நீர் சீராக உள்ளிறங்குவதைத் தடுக்கும் என்பதால், முதல் நாளே பெயர்த்தெடுத்துவிடுங்கள். வேர் கத்தரிப்பதையும், கிளைகளை வளைத்து வடிவமைக்கக் கம்பி சுற்றுவதையும் மரம் புது இடத்தில் நன்கு துளிர்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.