மயோர்க்காவில் எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது

மத்தியதரைக் கடலில் உள்ள ஸ்பெயினின் மயோர்க்காத் தீவுக்குப் புறப்படுகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் ஒரு கடற்கரையைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பக்கத்தில் அறை பிடித்துவிட்டு, சாப்பாட்டைப் போன இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. பகல் வெளிச்சத்தில் எந்தக் கடற்கரைக்கும் பேருந்திலோ வாடகைக் காரிலோ போய் வந்துவிடலாம். ஆனால் இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட உட்கார்ந்து பதினொரு மணிக்கு எழுந்திருக்கும்போது, நடந்தே அறைக்குத் திரும்ப முடிகிறதா என்பதை வைத்தே அந்த விடுமுறை இனிதாகவோ அலைச்சலாகவோ அமைகிறது. ஆகவே இரவுச் சாப்பாட்டை எந்த ஊரில் சாப்பிடப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்து, அதற்கேற்ப அறையைத் தேடுவது நல்லது.

உள்ளூர் நேரக் கணக்கைப் புரிந்துகொண்டால் இதன் காரணம் விளங்கும். அங்கே மதிய உணவு ஒன்றரை மணிக்குத் தொடங்கி மூன்றரை வரை நீளும். அதன்பின் பல உணவகங்களில் அடுப்பை அணைத்துவிட்டு, இரவு எட்டு அல்லது எட்டரைக்குத்தான் மீண்டும் பற்றவைப்பார்கள். முதல் முறை சென்றபோது இது தெரியாமல், இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மாலை ஆறரை மணிக்கு ஒரு மலையூரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். மேசைகள் எல்லாம் விரித்துக் கிடந்தன, பரிமாற ஆள் இல்லை. கடைசியில் காப்பிக்கடை ஒன்றில் கிடைத்த உருளைக்கிழங்கு ஆம்லெட்தான் அன்று காப்பாற்றியது. சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் மதியச் சாப்பாட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டு, மாலைக்கு ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் என்று கையில் வைத்திருப்பது உசிதம். இதற்காகவே சிறு சமையலறை உள்ள அறை கிடைத்தால் கூடுதல் பணம் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

தீவு சிறியதாகத் தோன்றினாலும் அதன் பரப்பு 3,600 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் செல்ல ஒன்றரை மணி நேரம் ஆகும். ஐந்து நாட்களுக்குள் முடியும் பயணமென்றால் தலைநகரான பால்மாவிலேயே தங்கிவிடுங்கள். விமான நிலையத்திலிருந்து நகரப் பேருந்திலேயே வந்து சேரலாம். தீவின் பிற ஊர்களுக்குச் செல்லும் பேருந்துகளும் ரயில்களும் பிளாசா தெஸ்பான்யா என்னும் சதுக்கத்துக்கு அடியிலுள்ள நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. பேராலயத்தைச் சுற்றியுள்ள பழைய நகரத்தில் சந்துகள் குறுகலானவை, கார் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. ஆகையால் பால்மாவில் இருக்கும் நாட்களுக்குக் கார் எடுக்காமல், வெளியூர் போகும் நாளில் மட்டும் எடுப்பதே சிக்கனம். மீனவர் குடியிருப்பாக இருந்து இன்று உணவகங்களால் நிறைந்திருக்கும் சாந்தா கத்தலீனாப் பகுதி சாப்பிடுவதற்கு அருமையானது, தூங்குவதற்கு அல்ல. வார இறுதிகளில் இரவு வெகுநேரம் வரை தெருவில் சத்தம் ஓயாது. பத்து நிமிட நடைத் தொலைவில் அறை எடுத்துக்கொண்டு அங்கே சாப்பிடப் போய் வருவதுதான் சரி.

ஒரு வாரத்துக்கு மேல் இருக்கிறவர்கள் இரண்டு இடங்களாகப் பிரித்துக்கொள்ளலாம். என்னுடைய தேர்வு, 2011-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற த்ரமுந்தானா மலைத்தொடரின் நடுவே, ஆரஞ்சுத் தோட்டங்கள் சூழ்ந்த சோயேர் ஊர். 1912 முதல் பால்மாவிலிருந்து அங்கே ஓடும் மரப்பெட்டி ரயிலில் ஒருமுறை போக வேண்டியதுதான். ஆனால் அதன் கட்டணம் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே வைத்ததுபோல் இருப்பதால், மற்ற நாட்களில் மலைச் சுரங்கவழியே செல்லும் பேருந்தில் பாதி நேரத்தில் போய்விடலாம். சோயேரின் சதுக்கத்தில் சாப்பிட்டுவிட்டு நடந்தே அறைக்குத் திரும்பலாம். துறைமுகப் பக்கம் சாப்பிட விரும்பினால் டிராம் உண்டு, அதன் கடைசி வண்டி நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். புகைப்படங்களில் மயக்கும் தெயா கிராமத்தில் அறைகள் குறைவு, விலை அதிகம்; அதைப் பகலில் பார்த்துவிட்டு வருவதே போதும்.

நீச்சல் தெரியாத குழந்தைகள் உடன் வந்தால் வடக்கே அல்கூதியா வளைகுடாவில் வெகுதூரம் ஆழமில்லாமல் கிடக்கும் கடல் பொருத்தமானது. கடற்கரை ஊர்களான மகலூப்பும் சரேனாலும் இளைஞர்களின் இரவுக் கேளிக்கைக்குப் பெயர்போனவை; குடும்பத்தோடு செல்கிறவர்கள் மலிவு விலையைப் பார்த்து அங்கே அறை எடுத்துவிட வேண்டாம். தீவின் உட்பகுதியிலுள்ள பண்ணை வீடுகளின் அமைதிக்கு ஈடில்லை, ஆனால் அவற்றில் பலவற்றிலிருந்து பக்கத்து உணவகத்துக்கே காரில் போக வேண்டும். வீட்டிலேயே இரவுச் சாப்பாடு தருகிறார்களா, எந்தெந்த நாளில் தருகிறார்கள் என்று எழுதிக் கேட்டுப் பதிலை வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.

முன்பதிவின்போது கவனிக்க வேண்டியவை சில உள்ளன. 2016-இல் நடைமுறைக்கு வந்த சுற்றுலா வரி, ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று தங்குமிடத்தின் தரத்தைப் பொறுத்து வசூலிக்கப்படுகிறது. 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கிடையாது. இணையத்தில் காட்டும் அறை வாடகையில் இது பெரும்பாலும் சேர்ந்திராது, விடுதியில் சேரும்போதுதான் கேட்பார்கள். பால்மாவில் அடுக்குமாடிக் குடியிருப்புகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவதை மாநகராட்சி 2018-இல் தடை செய்தது. ஆகவே பதிவு எண் குறிப்பிடாத மலிவான வீட்டு விளம்பரத்தைக் கண்டால் ஒதுங்கிவிடுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை கடலோர விடுதிகளில் பல மூடிக்கிடக்கும். அப்போது பால்மாவே கதி. இந்தியக் கடவுச்சீட்டில் செல்கிறவர்கள் ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று காட்ட வேண்டியிருப்பதால், இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறைகளையே முதலில் பதிவு செய்வது நல்லது.

சாப்பாட்டில் சிக்கனத்துக்கு வழி மதிய நேரத்தில் இருக்கிறது. வாரநாட்களில் பல உணவகங்கள் மெனு தெல் தியா என்ற நிர்ணய விலைச் சாப்பாடு தருகின்றன: முதல் உணவு, முக்கிய உணவு, இனிப்பு அல்லது காப்பி, ரொட்டி, பெரும்பாலும் ஒரு பானம். இதே உணவுகளை இரவில் தனித்தனியாகக் கேட்டால் செலவு எங்கோ போய்விடும். கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டிக்கும் ஆலிவுக்கும் பல இடங்களில் பணம் உண்டு. வேண்டாமென்றால் வந்தவுடனே திருப்பி அனுப்பிவிடலாம், யாரும் தவறாக எண்ண மாட்டார்கள். ஞாயிறு இரவும் திங்கட்கிழமையும் பல நல்ல உணவகங்களுக்கு விடுமுறை என்பதால், அந்த இரண்டு நாட்களுக்கு மட்டுமாவது முன்பே விசாரித்து இடம் பிடித்துவையுங்கள்.

சைவர்கள்தான் கூடுதலாக விழிப்புடன் இருக்க வேண்டும். காய்கறி என்ற பொருளில் 'வெஹெத்தால்' என்று எழுதிய சான்ட்விச்சை நம்பி வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் கீரைக்கும் தக்காளிக்கும் நடுவே சூரை மீனும் அவித்த முட்டையும் இருந்தன. கடைக்காரர் ஏமாற்றவில்லை, அங்கே அதற்குப் பெயரே அப்படித்தான். 'சின் கார்னே', அதாவது இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால், உப்புப் பன்றித்தொடையும் மீனும் அந்தக் கணக்கில் சேராமல் போவதுண்டு. ஆகையால் 'சின் ஹமோன், சின் அத்தூன், சின் பெஸ்காதோ' (பன்றித்தொடை வேண்டாம், சூரை வேண்டாம், மீன் வேண்டாம்) என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பயேயா என்னும் அரிசி உணவைக் காய்கறி போட்டது என்று சொன்னாலும், அரிசி வெந்தது மீன் சாற்றிலா என்று கேட்டுவிடுங்கள்.

கவலையின்றிச் சாப்பிடக்கூடியவையும் உண்டு. தும்பெத் என்பது உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், குடைமிளகாய் ஆகியவற்றைத் தனித்தனியே ஆலிவ் எண்ணெயில் பொரித்து அடுக்கி, மேலே தக்காளிக் கூழ் ஊற்றித் தரும் மண்சட்டி உணவு. மீனுக்கோ இறைச்சிக்கோ பக்க உணவாகத் தருவதுண்டு என்பதால் தனியாக வேண்டும் என்று சொல்ல வேண்டும். தக்காளி, வெங்காயம், பச்சைக் குடைமிளகாய் கலந்த த்ரெம்போ கோடைக்கு ஏற்றது. பாம்போலி என்பது தக்காளி தேய்த்து எண்ணெய் விட்ட நாட்டு ரொட்டி. பாலாடைக்கட்டியோடு கேட்டால் ஒரு வேளைக்குப் போதும். மாவு சேர்க்காத கத்தோ என்னும் பாதாம் கேக்கை பாதாம் ஐஸ்கிரீமுடன் சாப்பிட்டுப் பாருங்கள். ஆனால் கேக்கில் முட்டை உண்டு. பழமும் ஆலிவும் வாங்க பால்மாவின் ஒலிவார் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். புதன்கிழமையில் தீவில் இருந்தால் சினேவு ஊரின் வாரச்சந்தைக்கு ரயிலிலேயே போகலாம்.

திரும்பும் நாளில் விமான நிலையத்தில் பலர் கையில் எண்கோண அட்டைப்பெட்டியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பதைக் காண்பீர்கள். உள்ளே இருப்பது சுருள் சுருளாகச் சுற்றிச் சுட்டு, மேலே சர்க்கரைப் பொடி தூவிய என்சைமாதா. அதன் பெயரிலேயே இருக்கும் 'சைம்' என்பது பன்றிக்கொழுப்பு. அதை உண்ணாதவர்கள் வீட்டாருக்குப் பாதாம் வாங்கிச் செல்லலாம். உண்பவர்கள் விமான நிலையம் வரை காத்திராமல், புறப்படும் நாள் காலையில் ஊருக்குள் உள்ள ரொட்டிக் கடையில் அன்று சுட்டதாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.