ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுவதில் மாணவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

கட்டுரைக்குக் கொடுத்த கேள்வியை அப்படியே தேடல் பெட்டியில் ஒட்டுவதுதான் முதல் சறுக்கல். 'சமூக ஊடகம் பதின்பருவத்தினரின் தூக்கத்தைக் கெடுக்கிறதா?' என்பதில் தேடலுக்கு உதவும் சொற்கள் மூன்றுதான்: சமூக ஊடகம், பதின்பருவம், தூக்கம். 'கெடுக்கிறதா' என்பதையும் சேர்த்தால், கெடுக்கிறது என்று சொல்லும் கட்டுரைகளே முன்னால் வந்து நிற்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு மூன்று மாற்றுச் சொற்களை (பதின்பருவம், வளரிளம் பருவம்) எழுதிக்கொள்ளுங்கள். நூலகத் தரவுத்தளத்தில் மாற்றுச் சொற்களை 'ஆர்' (OR, 'அல்லது') போட்டு ஓர் அடைப்புக்குறிக்குள் வையுங்கள். பிறகு அந்த மூன்று தொகுதிகளையும் 'ஆண்ட்' (AND, 'மற்றும்') போட்டு இணையுங்கள். பிரியாமல் வரவேண்டிய தொடருக்கு இரட்டை மேற்கோள் குறி. முடிவுகள் மிகக் குறைவா? ஒரு தொகுதியை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

அடுத்தது, மேற்கோள் எண்ணிக்கையை, அதாவது ஒரு கட்டுரையை எத்தனை கட்டுரைகள் சுட்டுகின்றன என்ற கணக்கை, தரச் சான்றிதழாக எடுத்துக்கொள்வது. தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற மருத்துவரின் 1998ஆம் ஆண்டுக் கட்டுரை வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்டது. 2010இல், அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே அதைத் திரும்பப் பெற்றது. ஆனாலும் அதன் மேற்கோள் எண்ணிக்கை மிகப் பெரியது. மறுத்து எழுதியவர்களும் அந்தக் கணக்கில்தானே வருவார்கள்! ஆகவே எண்ணின் அளவைப் பார்த்து மயங்காமல், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலர் தளத்தில் அந்த எண்ணைச் சொடுக்கி, பின்னால் வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று படியுங்கள். 'திரும்பப் பெறப்பட்டது' என்ற குறிப்பு இருக்கிறதா என்பதை இதழின் சொந்தப் பக்கத்தில் பார்க்கவேண்டும். எங்கிருந்தோ இறக்கிய பழைய பிடிஎஃபில் அது இருக்காது.

கட்டுரையின் தொடக்கத்தில் வரும் ஆய்வுச் சுருக்கத்தை மட்டும் படித்து மேற்கோள் காட்டுவதும் பரவலான பழக்கம். எத்தனை பேரிடம், எப்படி அளந்தார்கள், எந்த வரம்புக்குள் முடிவு பொருந்தும் என்பவற்றின் முழு விவரம் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும்.

செயற்கை நுண்ணறிவு தரும் நூற்பட்டியல் தனி ஆபத்து. ஆசிரியர் பெயர் உண்மை, இதழ் உண்மை, கட்டுரை மட்டும் இல்லாத ஒன்று! கட்டுரைக்கான நிரந்தர அடையாள எண்ணான டிஓஐ (DOI) 10 என்று தொடங்கும்; அதைத் தேடித் திறந்து, தலைப்பு பொருந்துகிறதா என்று பாருங்கள். எண் வேலை செய்தால் மட்டும் போதாது. வேறு கட்டுரைக்குப் போகும் எண்களும் வரும்.

குறிப்பெடுக்கும்போது பிறர் வாக்கியத்தை மேற்கோள் குறி இல்லாமல் ஒட்டிவைத்தால், ஒரு மாதம் கழித்து அது உங்கள் வாக்கியம் போலவே தெரியும். ஒட்டும் அந்த நொடியிலேயே குறியையும் பக்க எண்ணையும் போட்டுவிடுங்கள்.