பர்த் சேட்டிபிக்கேட், ஈபீஎப் பேப்பர் எல்லாம் வீட்ல வைக்கிறப்போ செய்யக்கூடாத தப்புங்க

நம்ம மலைநாட்டுல பேப்பர் அழியிறதுக்கு திருடன் வரணும்னு இல்ல, ஈரமே போதும். நுவரெலியா, தலவாக்கலை பக்கம் மழை மாசத்துல சுவரே வேர்த்து நிக்கும், அந்த சுவரோட ஒட்டி வச்ச பெட்டிக்குள்ள பர்த் சேட்டிபிக்கேட், கல்யாண சேட்டிபிக்கேட், ஈபீஎப் (ஊழியர் சேமலாப நிதி) பேப்பர் எல்லாத்தையும் ஒரு கவர்ல திணிச்சிட்டு பத்திரமா இருக்குன்னு நெனச்சுக்கிறோம். ஈரத்தோட மூடினா ஈரமும் உள்ளயேதான் கெடக்கும். அதுலயும் அந்த பளபளன்னு இருக்கிற, வாடை அடிக்கிற பிளாஸ்டிக் கவர் இருக்கே, நாளாக நாளாக போட்டோ கொப்பி எழுத்து உரிஞ்சு அதுல ஒட்டிக்கும், இழுத்து பார்த்தா பேரு கவர்ல இருக்கும் பேப்பர்ல இருக்காது. காஞ்ச நாளா பார்த்து நிழல்ல ஆறவிட்டு, ஒவ்வொன்னையும் வெள்ளத்தாள்ல சுத்தி, இறுக்கமா மூடுற டப்பால, சப்பாத்து பெட்டியில வர்ற, ஈரத்த உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பக்கெட்டையும் போட்டு, சுவர விட்டு தள்ளி வைங்க.

சூடா இருக்கும்னு அடுப்புக்கு மேல வைக்கவே வேணாம். பொகை, கரி, தீ மூனுக்கும் அதுதான் வாசல்.

லெமினேட் பண்றது இன்னொன்னு. பழைய பேப்பர் சூட்டுல கெட்டுப்போகலாம், திரும்ப பிரிக்கவும் முடியாது. ஆசையா இருந்தா கொப்பிய பண்ணிக்கோங்க. கொப்பி எடுக்க கொமினிகேசன் கடைக்கு போனா ஒரிஜினல மெஷின் மூடிக்கு கீழயே விட்டுட்டு வராம இருந்தா சரி, ஸ்கேன் பண்ணினத கடை கொம்பியூட்டர்ல இருந்து அழிக்கவும் சொல்லுங்க.

தாத்தா பாட்டியோட பிரஜாவுரிமை பேப்பர "இனி எதுக்கு"ன்னு அடுப்புல போடுறதுதான் எனக்கு பெரிய தப்பா படுது. 1948 பிரஜாவுரிமை சட்டத்துல நம்ம மலையக ஆளுங்களுக்கு போன உரிமைய திருப்பிக் குடுக்க 2003லயும் சட்டம் போட வேண்டியிருந்துச்சு, அந்த கதைக்கு நம்ம குடும்பத்துல இருக்கிற சாட்சி அது. போதாததுக்கு அப்பா பேர தோட்டத்து கிளாக்கர் காதுல விழுந்த மாதிரி ஒவ்வொரு பேப்பர்லயும் ஒவ்வொரு விதமா எழுதியிருப்பாரு, அந்த சிக்கல் வர்றப்போ பழைய பேப்பர்தான் கை கொடுக்கும். பர்த் சேட்டிபிக்கேட்னா பிரதேச செயலகத்துல கொப்பி எடுக்கலாம், பதிவு இலக்கமும் திகதியும் தெரிஞ்சா லேசு, அத தனியா ஒரு நோட்டு புத்தகத்துல எழுதி வைங்க.

அப்புறம் எல்லாத்தையும் ஒரே எடத்துல வைக்கிறதும் தப்புதான். 2014 ஒக்டோபர் 29 காலையில பதுளை மாவட்டத்து மீரியபெத்தை தோட்டத்துல மண்சரிஞ்சு லயமே (தோட்டத்து வரிசை வீடுங்க) மண்ணுக்குள்ள போச்சு, பெட்டிய தூக்க எங்க நேரம்? கொழும்புல வேல செய்ற தம்பி கிட்டயோ வேற ஊர்ல இருக்கிற சொந்தத்துக்கிட்டயோ ஒரு செட் கொப்பி இருக்கட்டும். போன்ல படம் எடுத்து வச்சா மட்டும் பத்தாது, போனும் அதே லயத்து காம்பராலதான (அறையிலதான) இருக்கு, ஈமெயிலுக்கும் அனுப்பி வைங்க. பெட்டி எங்க, சாவி எங்கன்னு வீட்ல இன்னொரு ஆளுக்கும் தெரியணும்.

நனைஞ்சிட்டா பதறி அயன் போடாதீங்க, ஒட்டின தாள பிச்சு எடுக்கவும் வேணாம். தெரியிற எழுத்த முதல்ல போட்டோ எடுத்துட்டு, மையில்லாத வெள்ளத்தாள் மேல பரப்பி நிழல்ல காயவிடுங்க, அடித்தாள அப்பப்போ மாத்துங்க.