மதியம் மழை வருமா? செயற்கைக்கோள் ஈரப்பதப் படத்தை வைத்துக் கணிக்கும் முறை

பருவமாற்றக் காலத்தில், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கைப்பேசிச் செயலி தினமும் ஒரே பாட்டைத்தான் பாடும்: பிற்பகலில் இடியுடன் மழை. செம்பனைக்கு உரம் போடலாமா, புல்லுக்கு மருந்து அடிக்கலாமா என்று காலை 10 மணிக்குள் முடிவெடுக்க வேண்டியவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. கிளைஃபோசேட் மாதிரி மருந்து அடித்தபின் சில மணி நேரம் மழை படக்கூடாது (எத்தனை மணி என்பது போத்தல் லேபிளில் இருக்கும்).

உலக வானிலை மாதிரிகளில் (கணினியில் வானிலையைக் கணிக்கும் நிரல்களில்) செயற்கைக்கோள் ஈரப்பதம் ஏற்கெனவே சேர்ந்துதான் வருகிறது. ஆனால் அது பழைய சரக்கு. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரி ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடுகிறது. காலை 10 மணிக்கு உங்கள் கையில் இருப்பது அதிகாலை 2 மணி நிலவரத்தில் தொடங்கிய ஓட்டம். காலை 8 மணி ஓட்டம் வந்துசேர நண்பகல் ஆகிவிடும். இடையில் உள்ள எட்டு மணி நேரத்தைச் செயற்கைக்கோள் பார்த்திருக்கிறது. நாம் பிடிக்கப்போவது அந்த இடைவெளியைத்தான்.

முதலில் நேரம். எல்லாத் தளங்களிலும் யுடிசி எனும் உலகப் பொது நேரமே இருக்கும். அதனுடன் 8 மணி நேரம் கூட்டினால் மலேசிய நேரம். 00 யுடிசி என்றால் நமக்குக் காலை 8.

படி 1: மாதிரி என்ன சொல்கிறது

ஜிஎஃப்எஸ் கணிப்பைக் காட்டும் எர்த் நல்ஸ்கூல் தளத்தைத் திறந்து, மேலடுக்குப் பட்டியலில் 'டிபிடபிள்யூ'வைத் (TPW) தேர்ந்தெடுங்கள். தரையிலிருந்து உச்சிவரை ஒரு காற்றுத் தூணில் உள்ள நீராவி முழுவதும் நீரானால் எத்தனை மில்லிமீட்டர் நிற்கும் என்ற கணக்கு இது. தளம் கிலோகிராம்/சதுர மீட்டரில் காட்டும். 1 கிலோ என்பது 1 மி.மீ. நேரத்தை இன்று 00 யுடிசி-யில் வைத்து மலாக்கா நீரிணை, அந்தமான் கடல் இரண்டிலும் தொட்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உயரத்தை 850 எச்பிஏ-வுக்கு மாற்றினால் சுமார் 1.5 கி.மீ. உயரக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியும். காற்று வரும் திசையிலுள்ள எண்தான் முக்கியம்.

படி 2: செயற்கைக்கோள் என்ன அளந்தது

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மிமிக்-டிபிடபிள்யூ2 படத்தில் அதே நேரத்தை எடுத்து, நிறப் பட்டையை வைத்து அதே இடங்களின் அளவைப் படியுங்கள். வித்தியாசம் 5 மி.மீ.க்குள் இருந்தால் விட்டுவிடுங்கள், அது அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடும். அதைவிடக் கூடுதல் ஈரம் தெரிந்தால் மாதிரி மழையைக் குறைத்துச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். குறைந்தால் அதன் இடிமழையைச் சந்தேகப்படலாம். எங்கள் கைக்கணக்கில் 55 மி.மீ.க்கு மேல் ஈரம் தாராளம், 45 மி.மீ.க்குக் கீழ் வறட்சி.

புதியவர்கள் இங்கே இரண்டு இடங்களில் வழுக்குவார்கள். தித்திவாங்சா மலைத்தொடர் மேல் எண் எப்போதும் குறைவாகவே இருக்கும். மலை உயரும் அளவுக்குக் காற்றுத் தூண் குட்டையாகிவிடுகிறது. அதை வறண்ட காற்று என்று படிக்கக்கூடாது. அடுத்து, துருவச் சுற்றுச் செயற்கைக்கோள்கள் வராத நேரத்தை மிமிக் அதே ஜிஎஃப்எஸ் காற்றைக் கொண்டுதான் நிரப்புகிறது. அந்த நேரத்தில் இரண்டும் ஒத்துப்போவதை உறுதி என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. மலைக் குழப்பம் இல்லாததாலும், நிலத்தைவிடக் கடல்மேல் அளவீடு நம்பகமானது என்பதாலும்தான் கடலில் ஒப்பிடச் சொல்கிறோம்.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் வானிலை பலூன் அளவீடு (நிலைய எண் 48601) காலை 8 மணிக்குரியது. வயோமிங் பல்கலைக்கழகத் தளத்தில் கிடைக்கும். பட்டியலின் கடைசியில் மொத்த நீராவி மி.மீ.-இல் இருக்கும். இடம் சுமார் 100 கி.மீ. தள்ளி என்றாலும், படி 1, 2 எண்கள் முரண்படும் நாளில் இதுவே நடுவர்.

படி 3: ஹிமாவாரி-9 அசைபடம்

கொலராடோவின் 'ஸ்லைடர்' தளத்தில் ஜப்பானின் வானிலைச் செயற்கைக்கோளான ஹிமாவாரியைத் தேர்ந்து, பட்டை 10-ஐ (7.3 மைக்ரோமீட்டர் அலைநீளம்) முதலில் பாருங்கள், பிறகு 8-ஐ (6.2). பத்து நிமிட இடைவெளியில் 18 படங்கள் போட்டால் மூன்று மணி நேரம். காலை 10.40 படம் இல்லையென்றால் இணையத்தைத் திட்டாதீர்கள். 02.40, 14.40 யுடிசி-க்குக் கோள் பராமரிப்புக்காகப் படமெடுக்காது.

இந்தப் பட்டைகள் நடு, மேல் வளிமண்டலத்தையே பார்க்கின்றன. தரையை ஒட்டிய ஈரம் இவற்றுக்குத் தெரியாது. பட்டை 8-இல் வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் நேற்றைய இடிமேகத்தின் மிச்சக் கீற்று மேகம். அதைப் பார்த்து வேலையை நிறுத்த வேண்டாம். பட்டை 10-இல் வறண்ட காற்று நாக்கு நீட்டிக்கொண்டு நம் பக்கம் நகர்வதுதான் கவனிக்க வேண்டியது. அது வந்தால் சின்ன மேகங்கள் வளராமலே கரைந்துபோகும். ஆனால் மீறி ஓர் இடிமேகம் எழும்பிவிட்டால், வறண்ட காற்றில் மழைத்துளி ஆவியாகிக் குளிர்ந்து பலத்த காற்றாகக் கீழே பாயும். ரப்பர் மரம் சாய்வது அப்படிப்பட்ட நாளில்தான்.

இன்னொன்று. ஹிமாவாரி கிழக்கே 140.7 பாகையில் நிற்பதால் நம்மைச் சாய்வாகப் பார்க்கிறது. 15 கி.மீ. உயர மேக உச்சி, உண்மையான இடத்திலிருந்து ஏறக்குறைய 15 கி.மீ. மேற்கே தள்ளித் தெரியும். படத்தில் பட்டணத்தின் தலைக்குமேல் நிற்கும் மேகம் உண்மையில் கிழக்கு மலையடிவாரத்தில் கொட்டிக்கொண்டிருக்கும்.

படி 4: கடைசி இரண்டு மணி நேரம்

மதியத்துக்குமேல் ஈரப்பதக் கணக்கை மூடிவைத்துவிட்டு மெட்மலேசியா (மலேசிய வானிலைத் துறை) ரேடாரைப் பாருங்கள். விடியற்காலையில் நீரிணையைக் கடந்து வரும் 'சுமாத்ரா' புயல்வரிசைக்கும் ரேடார்தான். மரம் சீவப் போகிறவர்கள் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) முன்பே அதைப் பார்த்துவிட வேண்டும், படி 1, 2 அதற்கு உதவாது.

மண் ஈரத்தை அளக்கும் ஸ்மாப் கோளைப் பற்றியும் கேட்பார்கள். மேல்மண்ணில் 5 செ.மீ. வரைதான் அதற்குத் தெரியும். செம்பனை, ரப்பர் போன்ற அடர்ந்த இலைக்கூரையின் கீழ் அதன் எண்ணை நம்ப முடியாது. தோட்டத்துக்கு அது வேண்டாம்.

தோட்ட அலுவலக மழைமானியைத் தினமும் காலை 8 மணிக்குப் படித்து, படி 1, 2 எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு பருவமாற்றம் முழுக்க எழுதியபின் எங்கள் 45, 55-ஐ அடித்துவிட்டு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.