கொம்பு இல்லாததெல்லாம் பிணைமான் அல்ல: இங்கிலாந்தில் வேட்டை பழகுவோருக்கு

என் முதல் டிசம்பரில், காட்டோரப் புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்த ரோ மானின் (roe deer என்ற சிறு மான்) தலையில் கொம்பு இல்லை. பிணை, அதாவது பெண்மான், என்று முடிவு செய்து துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோனேன். "பொறுங்கள், பின்புறத்தைப் பாருங்கள்" என்று தாழ்குரலில் தடுத்தார் உடன் வந்த பெரியவர். அது கொம்பு உதிர்த்திருந்த ஆண்மான். இங்கிலாந்தில் ரோ ஆண்மானை ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரையும், பிணையை நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரையும்தான் சுடலாம். சுட்டிருந்தால் நான் குற்றவாளி.

படி 1: கொம்பு வளரும் விதத்தை அறியுங்கள்

தமிழில் மாட்டுக்கும் மானுக்கும் கொம்பு என்ற ஒரே சொல்தான். ஆனால் மாட்டின் கொம்பு ஆயுள் முழுதும் நிற்கும். மானின் கொம்போ ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும் எலும்பு. வளரும்போது ரத்தநாளங்கள் நிறைந்த மெல்லிய ரோமத்தோல் அதைப் போர்த்தியிருக்கும். தொட்டால் கதகதப்பாக இருக்கும். முற்றியதும் தோல் காய்ந்துவிடும். மான் மரத்தில் உரசி அதை உரிக்கும். உரித்த புதிதில் கொம்பு ரத்தக்கறையோடு வெளுத்திருக்கும். மரச்சாறு ஏறிய பிறகே பழுப்பாகும்.

(இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். காட்டில் உதிர்ந்து கிடக்கும் கொம்பையும் எடுக்காதீர்கள்.)

படி 2: மாதக் கணக்கை மனப்பாடம் செய்யுங்கள்

செம்மான் மார்ச், ஏப்ரலில் கொம்பை உதிர்க்கும். ஆகஸ்ட் வாக்கில் தோலை உரித்து, செப்டம்பர் கடைசியில் இணைசேரத் தயாராகிவிடும். உள்ளங்கை போல் விரிந்த கொம்புள்ள ஃபாலோ மானுக்கு இவையெல்லாம் சற்றுப் பிந்தி நடக்கும்.

ரோ மான் இதற்கு நேரெதிர். நவம்பர் வாக்கில் உதிர்த்து, கடுங்குளிரிலேயே புதுக்கொம்பை வளர்த்து, வசந்தத்தில் முற்றவைக்கும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்: பிணைகளைச் சுட அனுமதியுள்ள மாதங்களில்தான் ஆண்மான்களும் மொட்டைத் தலையோடு திரிகின்றன.

நம் கேளையாட்டின் உறவான முன்ட்ஜாக் ஆண்டு முழுதும் குட்டி போடும். ஆனாலும் அதன் கொம்பு மே, ஜூனில்தான் விழும். சீன நீர்மானுக்குக் கொம்பே கிடையாது. ஆணின் நீண்ட கோரைப்பல்லைப் பாருங்கள்.

படி 3: பின்புறத்தைப் பாருங்கள்

குளிர்காலத்தில் ரோ மானின் பின்புறத்தில் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். பிணைக்கு அதன் அடியில் ஒரு ரோமக்கற்றை கீழ்நோக்கித் தொங்கும். பலர் அதை வால் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆணுக்கு அந்தக் கற்றை இல்லை. திட்டு சிறுநீரக வடிவில் இருக்கும். பக்கவாட்டில் திரும்பினால் வயிற்றடியில் ஆண்குறியின் மயிர்க்கொத்து தெரியும். புல் உயரமாக இருந்து இவை தெரியவில்லை என்றால் சுடாதீர்கள்.

அந்த டிசம்பர் காலை பைனாகுலரை எடுத்து மறுபடி பார்த்தேன். நெற்றியில் இரண்டு குறுந்தண்டுகள். அவற்றின் மேல் ரோமம் மூடிய, விரல்நுனியளவு புதுக்கொம்பு. சற்று நேரம் மேய்ந்துவிட்டு அது மரங்களுக்குள் போய்விட்டது.