பழம், காய்கறி சர்வேக்களில் போக்கு பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உணவு சர்வே வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் வரையும் போக்குக் கோடுகளைப் பார்த்தால், என் முதல் வருடங்கள் அப்படியே திரும்பி வருகின்றன. கூட்டல் பிழை, காலிக் கட்டம் எல்லாம் தானாகவே கண்ணில் பட்டுவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கேள்வி மாறியது தெரியாமல் வருடங்களை ஒட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஒருமுறை பத்து வருடத் தரவை ஒரே வரைபடத்தில் போட்டேன். இளைஞர்கள் பழம் சாப்பிடுவதைக் காட்டும் கோடு நடுவில் சட்டென்று சரிந்தது, முதியவர்களுடையது ஏறக்குறைய அப்படியே நின்றது. வேலை நேரம், தனி வாழ்க்கை, வெளிச்சாப்பாடு என்று காரணம் தேடியே மூன்று வாரம் போனது. அறிக்கை அச்சாகி வந்த அப்புறம்தான் பழைய கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் பழச்சாறும் பழக்கணக்கில் இருந்தது, புதியதில் இல்லை. அந்தத் தரவில் சாறு அதிகம் குடித்தவர்கள் இளைஞர்கள். அவர்கள் பழத்தை விடவில்லை, கேள்விதான் மாறியிருந்தது. பிரதிகளைத் திரும்ப வாங்கினோம். ஆனால் ‘இளைஞர்கள் பழத்தைக் கைவிட்டார்கள்’ என்ற பேச்சைத் திரும்ப வாங்க முடியவில்லை.

கிழங்கும் இதே வேலையைச் செய்யும். உலக சுகாதார நிறுவனம் நாளுக்குக் குறைந்தது 400 கிராம் பழமும் காய்கறியும் என்கிறது. உருளை, மரவள்ளி போன்ற மாவுக் கிழங்குகள் அந்தக் கணக்கில் வராது. கேள்வித்தாள் அதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால், பலர் அவற்றையும் சேர்த்துத்தான் பதில் சொல்வார்கள். அப்போது கிழங்கு அதிகம் சாப்பிடும் குழுவின் எண் மட்டும் உயர்ந்து நிற்கும். அதனால் எல்லா வருடக் கேள்வித்தாள்களையும் அருகருகே வைத்து வரி வரியாகப் படியுங்கள். மாறிய இடத்தில் கோட்டை வெட்டிவிடுங்கள், இட்டு நிரப்பாதீர்கள்.

‘தினமும்’ என்பதை ‘போதுமான அளவு’ என்று எழுதுவது

தினம் ஒரே ஒரு பழம் சாப்பிடுகிறவரும் ‘தினமும்’ கட்டத்தில்தான் டிக் செய்வார். 400 கிராம் என்பது 80 கிராம் வீதம் ஐந்து பங்கு. எத்தனை நாள், எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளும் இருந்தால்தான் அளவைப் பற்றிப் பேச முடியும்.

பருவத்தை மறப்பது

அறுவடை மாதத்தையும் வறண்ட மாதத்தையும் ஒப்பிடாதீர்கள்.

வயதைச் சரிசெய்யாதது

ஒரு குழுவில் முதியவர்களின் பங்கு கூடினாலே சராசரி நகரும், யாருடைய தட்டும் மாறியிருக்காது. வயதுவாரியாகப் பிரித்த பிறகு மற்ற குழுக்களோடு ஒப்பிடுங்கள்.

சராசரியோடு நிறுத்திவிடுவது

நேற்று பழமோ காய்கறியோ எதுவுமே சாப்பிடாதவர்கள் எத்தனை பேர் என்று தனியாக எண்ணுங்கள்.