கேபினெட் விசிறியின் இரைச்சல் அடங்கிய கதை: என் அனுபவம்

பழைய கணினியின் கேபினெட்டில் 120 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டைப் புதிதாகப் பொருத்திய நாள் முதல், எந்த வேலையும் நடக்காதபோதுகூட அவை நிமிடத்துக்கு 1200 சுற்று என்ற முழு வேகத்திலேயே இரைந்துகொண்டிருந்தன. கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸ் திரையில் வேகத்தை 30 சதவீதமாகக் குறைத்தேன். ‘சைலன்ட்’ அமைப்பைத் தேர்ந்தெடுத்தேன். விண்டோஸில் இரண்டு மென்பொருள்களை நிறுவிப் பார்த்தேன். மூன்று நாள் வீணானதுதான் மிச்சம்.

நான்காம் நாள் பக்கத் தகட்டைக் கழற்றி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. மதர்போர்டில் நான்கு ஊசிகள் இருக்க, விசிறியின் செருகியில் மூன்று துளைகளே இருந்தன. ஓரத்து ஊசி தனியே நின்றது. மின்னழுத்தத்தை மாற்றாமல், விட்டுவிட்டு வரும் துடிப்புகளால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம் சமிக்ஞை அந்த ஊசி வழியாகத்தான் செல்லும். பயாஸ் பிடபிள்யூஎம் முறையில் இருக்கும்வரை, சதவீதத்தை எவ்வளவு குறைத்தாலும், மூன்று ஊசி விசிறிக்கு 12 வோல்ட் முழுமையாகப் போய்க்கொண்டே இருக்கும்.

அந்த இணைப்புக்குரிய முறையை பிடபிள்யூஎம் என்பதிலிருந்து மின்னழுத்தத்தையே குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிசி என்று மாற்றியதும் இரைச்சல் சட்டென்று அடங்கியது. ஆனால் மறுநாள் கணினியை இயக்கியபோது ஒரு விசிறி சுழலாமல், இறக்கைகள் மட்டும் லேசாகத் துடித்தபடி நின்றது. 30 சதவீதம் என்பது ஏறத்தாழ 3.6 வோல்ட், ஓடிக்கொண்டிருக்கும் விசிறிக்கு அது போதுமானாலும், நின்ற விசிறி கிளம்புவதற்கு அதைவிட அதிகம் வேண்டும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. கீழ்வரம்பை 50 சதவீதமாக உயர்த்தினேன். இப்போது இரண்டும் 650 சுற்றுக்கு அருகில் ஓடுகின்றன. பிராசஸரின் வெப்பம் 3 டிகிரி மட்டுமே கூடியிருக்கிறது. பெரிய நிம்மதி.